செக்போஸ்ட்டில் நிற்காத வௌவால்கள்: இரண்டு மாநில அறிவியல் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரள மாநில அறிவியல், தொழில்நுட்ப, சுற்றுச்சூழல் மன்றத்தாருக்கும், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தாருக்கும், கஞ்சிக்கோட்டிலிருந்து கோயம்புத்தூர் வரை ஆய்வுக்கூடச் சாவிகளைக் கையில் வைத்திருக்கும் எல்லாத் துறைத்தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் குடியிருப்பவன். கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், வகுப்பில் மூன்றும் சேர்ந்த ஒரு கூட்டு. ரேஷன் கார்டு கேரளா, பெண் எடுத்தது பொள்ளாச்சி, பல் பிடுங்கக் கோயம்புத்தூர். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பிழைப்பு இப்படித்தான்.

வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உயிர் எப்படி வழி கண்டுபிடிக்கிறது, தன் கூட்டத்தோடு எப்படிப் பேசிக்கொள்கிறது, இந்த இரண்டையும் மூளை எப்படி நடத்திவைக்கிறது என்று ஆராய, இந்தப் பாலக்காட்டுக் கணவாயில் ஒரு பொது ஆய்வு வசதி வேண்டும். பெரிய நிறுவனத்துக்காரர்களும் எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிக்காரர்களும், இரண்டு மாநிலத்திலிருந்தும் வந்து, முறை வைத்துப் புழங்குகிற மாதிரி. புதுக் கட்டடம் கேட்டு எழுதவில்லை. கருவிகளில் பலவும் ஏற்கெனவே இந்த வட்டாரத்தில் எங்கேயாவது போர்வைக்குள் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அதைத் தொட விடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குளக்கரையில் ஒரு பழைய ஆலமரம். பகலெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் கிழிந்த குடைகளைக் காயப்போட்ட மாதிரி தொங்கும். இருட்டும் நேரத்தில் ஒன்று எழும்பும், பிறகு பத்து, பிறகு வானமே நகரும். பெரும்பாலானவை கிழக்கே போகின்றன. வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்க, இவை மேலே தாண்டிப் போய்விடும். விடியும் முன் அதே மரத்துக்கு, அநேகமாக அதே கிளைக்குத் திரும்பும். எங்கே போய்த் தின்றுவிட்டு வருகின்றன என்று ஊரில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறோம். ஒருவருக்கும் தெரியாது.

இந்தப் பெரியதை வௌவால் என்றும், பூச்சி பிடிக்கும் சின்னதைத் துரிஞ்சில் என்றும் என் பாட்டி பிரித்துச் சொல்வாள். மலையாளத்தில் பெரியது வாவல், சின்னது நரிச்சீர். வாவல் நம்முடைய பழந்தமிழ்ச் சொல்தான். நாம் கீழே போட்டதை அவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இதே கேள்வியை இஸ்ரேலில் எகிப்தியப் பழந்தின்னி வௌவால்களை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். முதுகில் சின்ன ஜிபிஎஸ் கருவியை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். குகையிலிருந்து கிளம்பிய வௌவால்கள், வழியில் பழுத்து நிற்கும் மரங்களையெல்லாம் விட்டுவிட்டு, 10, 20 கிலோமீட்டர் தள்ளி தாங்கள் வழக்கமாகத் தின்னும் ஒரே மரத்துக்கு நேர்க்கோடு போட்ட மாதிரி போயின. 44 கிலோமீட்டர் தொலைவில் முன்பின் தெரியாத இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வந்தன. 2011-இல் வந்த ஆய்வு இது. அப்புறம் வௌவால் மூளையை ஆராயும் நாஹும் உலனோவ்ஸ்கியின் குழு 200 மீட்டர் நீளத்தில் ஒரு சுரங்கப்பாதை போலக் கட்டி, பறக்கிற வௌவாலின் மூளைச் செல்கள் பேசுவதை அங்கேயே பதிவு செய்தது.

200 மீட்டர் எதற்கு என்றால், ஜான் ஓ'கீஃப் 1971-இல் எலியின் மூளையில் இடச் செல்களைக் கண்டுபிடித்ததிலிருந்து எல்லோரும் சோதனை செய்தது ஒன்றிரண்டு மீட்டர் பெட்டிகளுக்குள். பெட்டியின் இந்த மூலைக்கு எலி வந்தால் இந்தச் செல் துடிக்கும், அந்த மூலைக்குப் போனால் வேறொன்று. 2005-இல் மோசர் தம்பதியர் பக்கத்துப் பகுதியிலேயே இன்னொரு வகைச் செல்லைக் காட்டினார்கள். எலி நடக்க நடக்க, தரையெங்கும் அறுகோணக் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, சம இடைவெளியில் அது துடிக்கிறது. 2014-இல் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் பெட்டியில் பார்த்தது வெட்டவெளிக்குப் பொருந்துமா? சுரங்கப்பாதையில் பறந்த வௌவாலிடம் ஒரே செல் பல இடங்களில் துடித்தது. சில இடம் ஒரு மீட்டருக்குள், சில இடம் பல மீட்டர் நீளம். வீட்டு வாசலையும் ஊர் எல்லையையும் ஒரே செல் குறித்துவைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைப் பெரிதாக்கியிராவிட்டால் இது தெரியவே வந்திருக்காது.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் ஆளில்லாமல் துருப்பிடித்து நிற்கும் நீளக் கொட்டகைகளைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். நீங்களும் ஒருமுறை பார்த்தால் நன்றாக இருக்கும்.

சரி, என் சொந்தப் புலம்பலுக்கு வருகிறேன்.

என் மாணவி ஒருத்தி சின்ன வௌவால்களின் சத்தத்தைப் பதிவு செய்தாள். நம் காதுக்கு எட்டாத அதிர்வெண். அதற்கென்று ஒரு கைக்கருவி இருக்கிறது. நமக்குக் கேட்கிற அளவுக்கு இறக்கித் தரும். குளத்து மேட்டில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் டொக், டொக், டொக் என்று சாவகாசமாக வரும். வௌவால் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நொடிக்குப் பத்து முறை என்று வையுங்கள். பூச்சியின் எதிரொலி கிடைத்துவிட்டால் வேகம் பிடிக்கும். கடைசி நொடியில் நூறைத் தாண்டிவிடும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சுர்ர்ர். பிறகு மௌனம். பூச்சி போயே போச்சு. முதல் தடவை அதைக் கேட்ட ராத்திரி அவள் பன்னிரண்டு மணிவரை வீட்டுக்குப் போகவில்லை. அவள் அம்மா டார்ச்சோடு வந்து நின்றார்கள்.

அவளுடைய கேள்வி நல்ல கேள்வி. இரண்டு பனைமரங்களுக்கு இடையே நுழையும்போது வௌவால் குரலைத் தணிக்கிறதா? நெருக்கமான இடத்தில் உரக்கக் கத்தினால் எதிரொலிகள் ஒன்றோடொன்று குழம்பும் அல்லவா. சத்தத்தின் அளவைச் சொல்ல வேண்டுமானால் மைக்கை அளவு திருத்த வேண்டும். அதற்கு எதிரொலியில்லா அறை ஒன்று, அரை நாள் மட்டும் தேவை. ஒரு பெரிய நிறுவனத்தில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டோம். எந்த மாநிலம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. படிவம் அனுப்பினோம். வழிகாட்டியின் கையெழுத்து, முதல்வரின் கையெழுத்து, தடையின்மைச் சான்று, அப்புறம் 'வெளிமாநிலத்தவர்' என்ற கட்டத்தில் டிக். மூன்று மாதம் கழித்து வரச்சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போனோம். சாவி வைத்திருந்தவர் லீவு. மத்தியானம் யாரோ தேடிப்பிடித்துத் திறந்தார்கள். உள்ளே சுவரெல்லாம் கூர்கூராக நுரைப்பஞ்சு, அருமையான அறை. அதற்குள் உடைந்த நாற்காலிகளும் பழைய யூபிஎஸ் பேட்டரிகளும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. "இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தாத்தான் சார் ஒதுக்குவோம்" என்றார் உதவியாளர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், முடிந்து, பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியனும் ஓய்வு பெற்று, அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லையாம்.

கடைசியில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? மாமா வேலை பார்க்கும் பஞ்சு குடோனில், ஞாயிற்றுக்கிழமை, நான்கு பக்கமும் பஞ்சு மூட்டைகளை அடுக்கி நடுவில் மைக்கை வைத்து அளந்தாள். எதிரொலி நன்றாகவே அடங்கியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எந்த ஆய்விதழும் பஞ்சு மூட்டையை ஏற்றுக்கொள்ளாது. இப்போது அவள் பாலக்காட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறாள். கைக்கருவி என் அலமாரியில் இருக்கிறது.

கருவிகளைப் பொதுவில் வைத்துப் பகிர்வது இந்த நாட்டுக்குப் புதிதல்ல, அது எனக்குத் தெரியும். சென்னை ஐஐடியிலும் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் பெரிய பகுப்பாய்வுக் கருவிகளை வெளியாட்களுக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். 2020-இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடலாம். வேதியியல்காரர்களுக்கு இது போதும். பொட்டலத்தில் பொடியைக் கட்டி அனுப்பினால் வரைபடம் திரும்பி வரும். எங்கள் துறையில் வௌவாலைக் கூரியரில் அனுப்ப முடியாது. தேன்கூட்டையும் முடியாது. ஞாபகம் தப்பிய ஒரு முதியவரையும் முடியாது. உயிர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அது விழித்திருக்கும் நேரத்தில், கருவி இருக்க வேண்டும். பத்து முதல் ஐந்துவரை திறக்கும் ஆய்வுக்கூடத்தில் ராத்திரிப் பிராணியை ஆராய்வது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பக்கத்தில் இருந்ததால் நடந்த காரியத்துக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் உடம்புக்குள் இரவுபகல் கணக்கு வைக்கும் உயிர்க்கடிகாரம் பற்றி ஆராய்ந்த காலத்தில், சுற்றியிருந்த மலைக்குகை வௌவால்கள்தான் அவர்களுக்கு மூலதனம். 1980-களில் ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்ட் நாய்வைலர் வந்து மதுரைக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அவரும் ஜி.மாரிமுத்துவும் 1987-இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் வருஷா வருஷம் வகுப்பில் கதையாகச் சொல்வேன். தவளையையும் எலியையும் தின்னும் பெரிய காது வௌவால் ஒன்று நம்மூரில் உண்டு. ரத்தம் குடிக்காது, ஆனால் ஆங்கிலப் பெயரில் அந்தப் பழியைச் சுமக்கிறது. கும்மிருட்டில் அது தவளையை எப்படிப் பிடிக்கிறது? செத்த தவளையை அசையாமல் வைத்தார்கள், வௌவால் சீண்டவில்லை. அதே தவளையைத் தரையில் இழுத்தார்கள், பாய்ந்து வந்து கவ்வியது. தன் குரலின் எதிரொலியை விட, இரை நகரும்போது எழும் சரசரப்பைத்தான் அது நம்புகிறது. இதற்குத் தேவைப்பட்டது ஓர் இருட்டறை, பழக்கிய வௌவால்கள், ராத்திரி முழுக்க உட்காரும் பொறுமை. எதிரொலியை வாங்கும் காதும் மூளையும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை நாய்வைலர் ஜெர்மனியில் ஆராய்ந்தார். அந்தக் காதை வைத்து அது எப்படி வேட்டையாடுகிறது என்பதை இங்கே பார்த்தார்கள். அப்படி இரண்டு பக்கமும் சேர்ந்து நடக்க, மதுரைக்கும் ஜெர்மனிக்கும் இடையில் பாலம் போட முடிந்தது. எல்லையில் இருக்கும் வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட முடியாதா?

அனுமதி என்று ஒரு காடு இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தந்த மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்கத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. பழந்தின்னி வௌவாலே 2022 சட்டத்திருத்தம் வரை எலி, காக்கையோடு தொல்லைப் பிராணிகள் பட்டியலில் கிடந்தது. அந்த அட்டவணையே இப்போது போய்விட்டது. நல்லது. ஆனால் எங்கள் ஆலமரத்து வௌவால் சாயங்காலம் கேரள வௌவால், எட்டு மணிக்குத் தமிழ்நாட்டு வௌவால். அதன் பின்னால் போவதற்கு இரண்டு தலைநகரங்களில், இரண்டு மொழிப் படிவங்களில், இரண்டு காலக்கெடுவில் அனுமதி. ஒன்று கிடைக்கும்போது மற்றது காலாவதி. இரண்டு வனத்துறைகளும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே விண்ணப்பத்தை ஒரே நாளில் பார்த்தால் என்ன கெட்டுவிடும்?

பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிப்பா வைரஸை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2018-இல் கோழிக்கோட்டில் அது வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் வௌவால் என்றாலே கோடாரியைத் தேடுகிறார்கள். குளக்கரை ஆலமரத்தை வெட்டச் சொல்லிப் பஞ்சாயத்தில் மனுவே கொடுத்தார்கள். விரட்டிவிட்டால் அவை வேறு ஊர் மரத்துக்குப் போகுமே தவிர, நோய் அங்கேயே நின்றுவிடாது என்று நானும் இரண்டு ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பொது வசதி வேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்ட, கையுறையும் முகக்கவசமும் போட்டுப் பழகிய, பயிற்சி உள்ள ஆள் ஒருவர் ஓரிடத்தில் இருந்தால், கல்லூரிப் பிள்ளைகள் ஆர்வக்கோளாறில் வெறுங்கையால் வௌவாலைப் பிடிக்கும் ஆபத்து இருக்காது. எந்தக் கூட்டம் எந்தத் தோப்புக்குப் போகிறது என்ற வரைபடம் மூளை ஆராய்ச்சிக்கு மட்டுமா உதவும்? சுகாதாரத்துறை அதைத் தங்கம் போல வைத்துக்கொள்ளும்.

வௌவாலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், அது என் பலவீனம். தேனீக்காரர்களுக்கும் இங்கே வேலை உண்டு. தேனீ நடனமாடி மற்ற தேனீக்களுக்குப் பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் சொல்கிறது என்று காட்டியவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ்; 1973-இல் நோபல் பரிசில் ஒரு பங்கு அவருக்கு. நம்மூர் மூன்று இனங்களை பெங்களூரில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே தூரத்தைச் சொல்ல அடுக்குத்தேனீ நீளமாக ஆடுகிறது, கொம்புத்தேனீ அதைவிடக் குறைவு, மலைத்தேனீ எல்லாவற்றிலும் குறைவு. யார் அதிக தூரம் இரைதேடிப் போகிறார்களோ அவர்கள் கிலோமீட்டரைச் சுருக்கிச் சொல்கிறார்கள். வட்டார வழக்கு! எங்கள் ஊரில் "இதோ பக்கத்துலதானுங்க" என்றால் மூன்று கிலோமீட்டர். பாலக்காட்டு டவுனில் அதே வார்த்தைக்கு அடுத்த தெரு. பறம்பிக்குளத்திலும் ஆனைகட்டியிலும் மூன்றும் கண்ணில் படும். திருவனந்தபுரத்தில் ஐசர் என்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹேமா சோமநாதன் ராத்திரியில் பறக்கும் தச்சுத்தேனீக்களை ஆராய்ந்திருக்கிறார். ஆள் இல்லாமல் இல்லை.

யானையைப் பற்றி ஒரு பாராவாவது எழுதாவிட்டால் வாளையாற்றுக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். 1984-இல் விலங்குகளின் குரலை ஆராய்ந்த கேட்டி பெய்ன் அமெரிக்காவில் போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உடம்பில் உணர்ந்தார். காதில் எதுவும் விழவில்லை. பதிவு செய்து பார்த்தால், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணில் யானைகள் பேசிக்கொண்டிருந்தன. எங்கள் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவது பழைய துக்கம். 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பக்கம் தமிழ்நாடு வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நிறுத்தியது; யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகிறது. கேமரா கண்ணால் பார்க்கிறது. எல்லையின் இரண்டு பக்கமும் தாழ் அதிர்வெண் மைக்குகளை வைத்துக் கேட்டால், எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தைக் கூப்பிட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் படிக்கலாம்.

இனி மனிதர்கள். இந்த மடலை எழுத வைத்தவர் என் பெரியப்பா.

அவர் மாட்டு வியாபாரி. பொள்ளாச்சிச் சந்தையில் பிடித்த மாடுகளைக் குழல்மந்தத்துக்கும் வாணியங்குளத்துக்கும் நடத்தியே ஓட்டிக்கொண்டு போன தலைமுறை. ரோட்டைப் பிடித்துப் போகமாட்டார்; ஓடை, வரப்பு, தோப்புக்குள் ஊடுவழி. எந்தப் பனைக்கு அடுத்து எந்தக் கிணறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொள்ளாச்சியில் தமிழ், குழல்மந்தத்தில் மலையாளம், விலை பேசும்போது இரண்டும் கிடையாது. துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்தே பேரம். சுற்றி நிற்கிறவனுக்கு என்ன விலை என்று தெரியாது. லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையில் இடத்தையும் ஞாபகத்தையும் பார்த்துக்கொள்ளும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருக்கிறது என்று 2000-இல் எலினர் மக்வையர் காட்டியதைப் படித்தபோது, எனக்கு உடனே பெரியப்பாவின் தலைதான் ஞாபகம் வந்தது.

எழுபத்திரண்டு வயதில் ஒருநாள் மளிகை வாங்கப் போனவர் திரும்பவில்லை. ராத்திரி நடுப்புணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் உட்கார்ந்திருந்தார். "மாடு எங்கேடா?" என்று என்னைக் கேட்டார். மாட்டை விற்றுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். 30 மதிப்பெண் ஞாபகப் பரீட்சை. நர்ஸ் மலையாளத்தில் கேட்டார்: "இன்னு ஏது திவசமாணு?" (இன்று என்ன கிழமை?) பெரியப்பா யோசித்து, "பொள்ளாச்சிச் சந்தைக்கு மறுநாள்" என்றார். சரியான பதில். அவருக்குப் பூஜ்யம். "இது எந்த மாநிலம்?" என்ற கேள்விக்கு, "எந்தப் பக்கம் விலை நல்லாருக்கோ அந்தப் பக்கம்" என்று சிரித்தார். அதற்கும் பூஜ்யம். இரண்டு மாதம் கழித்து எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னோர் இடத்தில் தமிழில் அதே பரீட்சை, மதிப்பெண் ஏறிவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்றார்கள். மொழி வேலை செய்தது என்று எனக்குத் தோன்றியது.

அல்சைமர் நோய் மூளையில் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று என்டோரைனல் புறணி. மோசர்கள் எலியில் அந்த அறுகோணச் செல்களைக் கண்டது அதே பகுதியில்தான். வழி தப்புவது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்கு அங்கே ஒரு நூல் கிடைக்கிறது. நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவும் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்து 2013-இல் எழுதினார்கள்: இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மறதிநோயின் அறிகுறிகள் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருக்கின்றன, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும்கூட. பள்ளிக்கூடம் போகாமலே இரண்டு மொழியைச் சந்தையில் கற்றவர்கள் எங்கே அதிகம்? எங்கள் பஞ்சாயத்துகளில் வந்து பாருங்கள். இரண்டு மொழியிலும் ஒரே தராசில் நிறுக்கும் ஒரு பரீட்சை, வழியறியும் திறனை வரப்பிலும் ஓடையிலும் வைத்துச் சோதிக்கும் ஒரு முறை, மூளையின் மின்னலைகளைப் பதிய, கிராமத்துக்கு வேனில் கொண்டுபோகக்கூடிய ஓர் இஇஜி கருவி, கோயம்புத்தூர் எம்ஆர்ஐ ஸ்கேனர்களில் வாரத்துக்கு ஒரு ராத்திரி. இவ்வளவு இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

கடைசிக் காலத்தில் பெரியப்பாவுக்கு இரண்டு மொழியும் போய்விட்டது. என் பெயர்கூட வரவில்லை. ஆனால் பழைய கூட்டாளி ஒருவர் பார்க்க வந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் கையின்மேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். பெரியப்பா விரலை மடக்கினார். அவர் இன்னொன்றைப் பிடித்தார். பெரியப்பா தலையை ஆட்டி மறுத்தார். ஐந்து நிமிஷம் அப்படியே நடந்தது. வெளியே வந்து கூட்டாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கும் ஐநூறு கொறைக்க மாட்டேங்கறாரு." வாய்ச்சொல் போன பிறகும் விரல்மொழி மூளையில் எங்கே தங்கியிருந்தது? நான் பார்த்தேன் என்பதைத் தவிர இதற்கு என்னிடம் ஒரு பதிவும் இல்லை.

எப்படி நடத்துவது என்பதற்கு என் யோசனைகள், வரிசை இல்லாமல். கஞ்சிக்கோட்டில் பாலக்காடு ஐஐடி இருக்கிறது. சிக்னல் வேலைக்கும் சர்வருக்கும் அதைவிட நல்ல வீடு கிடைக்காது. ஆனைகட்டியில் சாலிம் அலி மையம், பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம். களம் அவர்களுக்கு உள்ளங்கை. இவர்களில் யார் வீட்டில் வைத்தாலும் சரி, லாக் புக்கை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். யார் எத்தனை மணி நேரம் கருவியைப் பிடித்துவைத்தார்கள் என்று தெரிந்தாலே பாதி வழக்கு தீரும். ராத்திரி முறை கட்டாயம். கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கைக் கருவியில் போடாமல், டெக்னீஷியன்கள் இரண்டு பேரின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். ஒப்பந்த ஆளாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாதீர்கள். படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். சின்னக் கல்லூரிக்குக் கட்டணம் வேண்டாம். வேண்டுமென்றால் நாங்கள் வகுப்பெடுத்துக் கழித்துவிடுகிறோம்.

இரண்டு மாநிலம் சேர்ந்து ஒன்றை நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? 1970-இல் கையெழுத்தாகி 1958-லிருந்தே செல்லும் என்று எழுதிய பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணை வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி சித்தூர்ப் பக்கம் வர வேண்டும். முணுமுணுப்பு இல்லாத கோடை கிடையாது. கூட்டு வாரியத்தில் மேஜையைத் தட்டிப் பேசுகிறார்கள். ஆனாலும் ஷட்டர் திறக்கிறது. தண்ணீருக்கே முறை வைக்கத் தெரிந்தவர்களுக்கு மைக்ராஸ்கோப்புக்கு வைக்கத் தெரியாதா என்ன?

பேசிப் பார்க்கலாம் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், கான்ஃபரன்ஸ் ஹாலில் கூட்டம் போட வேண்டாம். இங்கே வாருங்கள். அமாவாசையை ஒட்டி, மழை இல்லாத நாளாகப் பார்த்து, ஆறு மணிக்குள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் நல்லது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. கைக்கருவியில் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன்.